7. காட்டுக்குப் போகும் ஈயம்

என் மேசையில் ஒரு ‘ழ’ இருக்கிறது. பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அச்சகம் கடையைக் கட்டியபோது, அங்கே முப்பது வருடம் அச்சுக் கோத்த பெரியவர் என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போன ஈய எழுத்து அது. சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லை, ஆனால் கையில் எடுத்தவுடன் கனம் தெரியும். ‘ழ’வின் சுழி இடவலம் மாறி நிற்கிறது. அத்தனை வருடம் மையும் தாளும் அழுத்தியும் அதன் விளிம்பு மழுங்கவில்லை. நகத்தால் கீறிப் பார்த்தேன், தடம் விழவில்லை. சுத்த ஈயமாக இருந்தால் நகத்துக்கே வழிவிட்டிருக்கும்.

‘ஈய எழுத்து’ என்று வாயால் சொல்கிறோமே தவிர, அதில் ஈயத்தோடு வெள்ளீயமும் ஆன்டிமனியும் சேர்ந்திருக்கின்றன. லினோடைப் இயந்திரங்களில் உருக்கி ஓடவிட்ட கலவையில் நூற்றுக்கு 84 பங்கு ஈயம், 12 பங்கு ஆன்டிமனி, 4 பங்கு வெள்ளீயம். ஆன்டிமனி கடினத்தைத் தருகிறது. உருகிய உலோகம் ஆறும்போது சுருங்குவதையும் குறைக்கிறது. வெள்ளீயம் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் வழிந்து நிரம்ப உதவுகிறது. ‘ழ’வின் சுழி கூர்மையாக வந்தது இந்த இரண்டு உபகாரிகளால்தான்.

அமெரிக்காவின் ஐடஹோ, மொன்டானா, அலாஸ்கா பக்கம் காட்டுக்குள் நடமாடுகிறவர்களில் சிலர், மூடிப்போன அச்சகங்களின் இந்த உலோகத்தைத் தேடித் தேடி வாங்குகிறார்கள். வீட்டில் உருக்கி ரிவால்வர் குண்டு வார்க்கிறார்கள். பிறகு வெறும் பித்தளைக் கூட்டில் தாங்களே மருந்து அளந்து, குண்டைப் பொருத்தித் தோட்டாவாக்கி, கரடி உலவும் காட்டுக்கு இடுப்பில் கட்டிக்கொண்டு போகிறார்கள். செய்தித்தாள் அச்சடித்த உலோகம் ஏன் காட்டுக்குத் தோதாக இருக்கிறது என்பது சுவாரசியமான கேள்வி. அதற்குப் பதில் தேடினால் நம் கிள்ளான் பள்ளத்தாக்கின் மண்ணும், பால்மரத் தோட்டத்து ஸ்டோரும், நீலகிரி மலையும் குறுக்கே வருகின்றன.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் இது வீட்டில் செய்கிற காரியம் அல்ல. 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, அனுமதியில்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதும் தயாரிப்பதும் கடுமையான குற்றம். 1971இல் வந்த சட்டம் தண்டனையை இன்னும் கூட்டியது. சட்டவிரோதமாக வைத்திருந்தாலே 14 ஆண்டு வரை சிறை, அதோடு குறைந்தது 6 பிரம்படி. தோட்டா செய்வதற்கென்றே நம் மாநிலத்தில் ஓர் ஆலை இருக்கிறது, பழைய நிலக்கரி ஊரான பத்து ஆராங்கில். செய்முறைக் குறிப்பு எதுவும் இந்தப் பக்கங்களில் வராது. விரல் நீளம்கூட இல்லாத அந்தப் பொருளுக்குள் என்ன நடக்கிறது, அதில் கைவைக்க ஏன் இவ்வளவு பயபக்தி வேண்டும் என்பதுதான் எனக்குச் சொல்ல இருப்பது.

*

தமிழில் அதற்குப் பெயர் வெடிமருந்து. பேச்சில் வெறும் ‘மருந்து’. துப்பாக்கிக்கு மருந்து கெட்டித்தான் என்பார்கள். தமிழ்நாட்டு நரிக்குறவர்கள் நாட்டுத் துப்பாக்கியின் வாய்வழியே கரிமருந்தைக் கொட்டி, நாரை அடைத்து, ரவையைப் போட்டுக் கம்பியால் இடித்துக் கெட்டித்தார்கள். அவர்களுக்கு ஒவ்வொரு வெடியும் கையால் கட்டியதுதான். ரிவால்வர் தோட்டா அந்த வேலைக்கான சாமான்களை எல்லாம் ஒரு பித்தளைக் கூட்டுக்குள் முன்கூட்டியே அடைத்து வைத்த பொட்டலம். அடியில் பொறி தரும் கேப்பு, அதற்குமேல் மருந்து, உச்சியில் குண்டு, எல்லாவற்றையும் பிடித்து வைத்திருக்கும் பித்தளை.

நம் போலீஸ்காரர்கள் பல பத்தாண்டுகள் இடுப்பில் கட்டியிருந்த .38 ஸ்பெஷல் ரிவால்வரையே எடுத்துக்கொள்வோம். அதன் வழக்கமான ஈயக்குண்டு 158 கிரெய்ன். கிரெய்ன் என்பது ஒரு தானியமணியின் எடையிலிருந்து வந்த பழைய அளவு. கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் நகைக்கடை வைத்திருப்பவர்களின் தாத்தாக்கள் குன்றிமணியால் நிறுத்தார்களே, அதே புத்தி. ஒரு குன்றிமணி ஏறக்குறைய 2 கிரெய்ன். ஆகவே 158 கிரெய்ன் குண்டு சுமார் 80 குன்றிமணி, 10 கிராமுக்கு ஒரு பொட்டு அதிகம். அதைத் தள்ளும் மருந்தோ இரண்டு, இரண்டரை குன்றிமணிதான். தேநீருக்குப் போடுகிற ஒரு சிட்டிகை ஏலப்பொடி.

அந்தச் சிட்டிகைக்குள் ஏறக்குறைய 1,000 ஜூல் ஆற்றல் அடங்கியிருக்கிறது. குண்டு குழலை விட்டு நொடிக்கு 230 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. கணக்குப் போட்டால் அது எடுத்துப் போவது சுமார் 270 ஜூல்தான். 10 கிலோ அரிசி மூட்டையை முதல் மாடிக்குத் தூக்கினால் செலவாகும் அளவு. மீதி முக்கால் பங்கும் சூடாகவும் சத்தமாகவும் சுடர்விடும் வாயுவாகவும் போய்விடுகிறது.

இப்போது இன்னொரு கணக்கு. எடையை வேகத்தால் பெருக்கினால் உந்தம். இந்தக் குண்டின் உந்தமும், மணிக்கு 54 கிலோமீட்டரில் வரும் கிரிக்கெட் பந்தின் உந்தமும் ஒன்றுதான். பள்ளிக்கூடத்துப் பையன் மெல்ல வீசும் பந்து! சினிமாவில் சுடப்பட்டவன் பத்தடி பின்னால் பறந்து விழுகிறானே, அது நடக்கவே முடியாது. 80 கிலோ காட்டுப்பன்றிமேல் இந்தக் குண்டு பட்டு உள்ளேயே தங்கினால், அதன் ஓட்டத்தில் நொடிக்கு 3 சென்டிமீட்டர் குறையும். பாய்ந்து வரும் பன்றி நொடிக்கு 10 மீட்டருக்கு மேல் ஓடும். பன்றிக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

ஆக, குண்டு விலங்கைத் ‘தள்ளி’ நிறுத்துவதில்லை. தோல், கொழுப்பு, தசை, எலும்பு எல்லாம் கடந்து மூளையையோ தண்டுவடத்தையோ இதயத்தையோ சென்று சேர்ந்தால்தான் விலங்கு நிற்கும். நகரத்துக் காவலருக்கும் காட்டில் நடப்பவருக்கும் தேவை பிரிவது இந்த இடத்தில்தான். நகரத்தில் குண்டு ஆளைத் துளைத்து அப்பால் நிற்பவர்மேல் பாயக்கூடாது. அதனால் பட்டதும் மலர்ந்து அகலமாகி உள்ளேயே நின்றுவிடும் குண்டைத் தேர்கிறார்கள். காட்டில் கதை தலைகீழ். மலர்ந்த குண்டு கொழுப்பிலும் தோள் எலும்பிலுமே சக்தியை இழந்து நின்றுவிடும். அங்கே வேண்டியது மலராத, நசுங்காத, நேராகப் போகும் கனமான குண்டு. ஒரே விட்டத்தில் எடை கூடினால் நீளம் கூடும். நீளமான குண்டு வழியில் எளிதில் வேகம் இழப்பதில்லை. முனை கூர்மையாக இல்லாமல் தட்டையாக இருப்பது நல்லது. தட்டை முனை திசுவைப் பிளந்து விலக்காமல் வெட்டிக்கொண்டு போகும், எலும்பில் பட்டாலும் எளிதில் வழுக்கித் திசை மாறாது.

மலராமல் இருக்க வேண்டுமென்றால் கடினம் வேண்டும். உலோகத்தின் கடினத்தைப் பிரினெல் அளவில் சொல்வார்கள். சுத்த ஈயம் 5, லினோடைப் உலோகம் 22. இனி அந்த ‘ழ’ என்ன சொல்கிறது என்று விளங்கும். ஆயிரமாயிரம் தாள்களின் அழுத்தத்தில் மழுங்காத அதே குணம்தான், தோள் எலும்பில் மோதும்போது நசுங்காமல் குண்டைக் காக்கிறது. எழுத்து வார்த்தவர்கள் தேடியதையேதான் குண்டு வார்ப்பவர்களும் தேடினார்கள். கடினம் வரம்பு மீறினால் கெடுதலும் உண்டு. ஆன்டிமனி கூடிய உலோகம் நொறுங்கும், அதனால் அனுபவசாலிகள் லினோடைப்போடு ஈயம் கலந்து கொஞ்சம் இளக்கிக்கொள்வார்கள்.

*

ஈயத்தில் வெள்ளீயம் கலந்து குண்டு வார்ப்பது புதிதும் அல்ல. 1871இல் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு வந்த மார்டினி-ஹென்றி ரைபிளின் 480 கிரெய்ன் குண்டு, 12 பங்கு ஈயத்துக்கு 1 பங்கு வெள்ளீயம். அந்தக் காலத்தில் உலகம் முழுக்க வெள்ளீயத்துக்கு அலைந்த அலைச்சல்தான் நாம் இன்று வாழும் ஊரை உண்டாக்கியது. 1857இல் ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனச் சுரங்கத் தொழிலாளர்கள் கிள்ளான் ஆற்றில் படகில் ஏறி, கொம்பாக் ஆறு கலக்கும் சேற்று முனையில் இறங்கி, அம்பாங் காட்டுக்குள் வெள்ளீயம் தேடி நடந்தார்கள். ஒரே மாதத்தில் 69 பேரை மலேரியா கொன்றது. கோலாலம்பூர் அந்தச் சேற்று முனையில்தான் முளைத்தது. அவர்களைக் கொன்றது புலியோ கரடியோ அல்ல, கொசு. காட்டுக்குள் எதைக் கண்டு பயப்பட வேண்டும் என்ற கேள்விக்கு இந்தப் பள்ளத்தாக்கு தன் முதல் மாதத்திலேயே ஒரு பதில் சொல்லியிருக்கிறது. உலு லங்காட் மலைப்பாதையில் நடக்கும்போதெல்லாம் எனக்கு அந்த 69 பேர் நினைவுக்கு வருகிறார்கள்.

தோட்டங்களில் ரிவால்வர் பரவலாக நுழைந்தது 1948 ஜூன் 16க்குப் பிறகு. அன்று சுங்கை சிப்புட் பக்கம் மூன்று வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட, அவசரகாலம் பிறந்தது. 1960 வரை நீடித்தது. துரைமார் இடுப்பில் துப்பாக்கி இல்லாமல் வெளியே கிளம்பாத காலம். அப்போது புழங்கியவற்றில் ஒன்று 1932இல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்ற .38 என்ஃபீல்ட். அதன் முதல் தோட்டாவில் இருந்தது 200 கிரெய்ன் எடையுள்ள மெதுவான ஈயக்குண்டு. ‘கனமாக இரு, நிதானமாகப் போ’ என்பது அதன் சித்தாந்தம். பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, விடியும் முன்பே தலைவிளக்கோடு மரம் வெட்டப் போன நம் ஆட்கள் கையில் இருந்தது உளியும் வாளியும்தான். அதே இருட்டு, அதே காடு. இதைச் சொல்லாமல் அந்தக் காலத்து ரிவால்வரைப் பற்றிப் பேச என் மனம் ஒப்பவில்லை.

*

குண்டைவிட மருந்துதான் ஆபத்தான சமாச்சாரம். .38 ஸ்பெஷலின் கூடு 1898இல் கரிமருந்துக்காக அளவெடுத்துத் தைத்த சட்டை. கரிமருந்து கூடு நிறைய வேண்டும். பிறகு வந்த புகையில்லா மருந்து பல மடங்கு வீரியம் உள்ளது, சட்டையோ பழைய அளவிலேயே நின்றுவிட்டது. ஒரு சிட்டிகை போட்டதும் கூட்டின் அடியில் சிறிது படிகிறது, மேலே வெற்றிடம். கை தவறி இரண்டாவது சிட்டிகை விழுந்தாலும் கூடு நிரம்பி வழியாது, வெளியே ஒன்றும் தெரியாது. குண்டைப் பொருத்தி மூடிவிட்டால் நல்ல தோட்டாவும் கொலைகாரத் தோட்டாவும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

இரட்டிப்பு மருந்து இரட்டிப்பு அழுத்தத்தோடு நிற்காது. காரணம், புகையில்லா மருந்து அழுத்தம் ஏற ஏற வேகமாக எரியும். வேகமாக எரிந்தால் அழுத்தம் இன்னும் ஏறும். ஒன்றையொன்று தூண்டிவிடும் இரண்டு முன்கோபிகளைப் போல, நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். .38 ஸ்பெஷலுக்கு அனுமதித்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு, கார் டயரைப்போல 500 மடங்குக்கு மேல். 1935இல் வந்த .357 மேக்னத்துக்கு அது 35,000. இரண்டுக்கும் குண்டின் விட்டம் ஒன்றே. அதனால் மேக்னம் கூட்டை வேண்டுமென்றே 3 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக நீட்டினார்கள், பழைய துப்பாக்கியின் அறைக்குள் அது நுழைந்தே விடக்கூடாது என்று. உயிரைக் காக்கும் 3 மில்லிமீட்டர்.

கையால் நிரப்புவோரின் உலகில் எல்மர் கீத் என்ற ஐடஹோ பண்ணைக்காரரின் பெயர் பெரிது. தட்டை முனையுள்ள கனமான குண்டுகளை அவரே வடிவமைத்தார். மருந்தைக் கூட்டிக் கூட்டிச் சோதித்ததில் ரிவால்வரின் உருளையே அவர் கையில் பிளந்த நாளும் உண்டு. அவர் பிடிவாதமாகக் கேட்டுக்கொண்டே இருந்ததன் பலனாக 1955 கடைசியில் .44 மேக்னம் வந்தது. அதற்கென்று கனத்த உருளையும் நல்ல எஃகும் செய்த பிறகுதான் அந்த வேகம் பத்திரமாகக் கிடைத்தது.

மருந்துக்கு இன்னொரு எதிரி வெப்பம், நம் ஊருக்கு நெருக்கமான எதிரி. 1889இல் ஃபிரெடெரிக் ஏபெலும் ஜேம்ஸ் டிவாரும் கார்டைட் செய்தார்கள். 58 பங்கு நைட்ரோகிளிசரின், 37 பங்கு பஞ்சிலிருந்து செய்த வெடிபஞ்சு, 5 பங்கு வாசலின். பார்வைக்கு அசல் சேமியா. இந்த டிவார்தான் பின்னால் வெற்றிடக் குடுவையையும் கண்டுபிடித்தவர். தோட்டத்துக்குத் தேநீர் கொண்டுபோகும் ஃபிளாஸ்க்கு அவர் உபயம். துப்பாக்கிக் குழலின் தேய்மானத்தைக் குறைக்கத்தான் வாசலினைச் சேர்த்தார்கள். சேர்த்த பிறகுதான் தெரிந்தது, அது மருந்து கெட்டுப்போவதையும் தள்ளிப்போடுகிறது என்று. ஏனென்றால் நைட்ரோ மருந்து சும்மா இருக்கும்போதும் மெல்லச் சிதைகிறது. சிதைவில் வரும் நைட்ரஜன் ஆக்சைடு மேலும் சிதைவைத் தூண்டுகிறது. 10 டிகிரி சூடு கூடினால் இந்த வேலை இரண்டு மடங்காகும் என்று தோராயமாகச் சொல்லலாம். 1911 செப்டம்பரில் பிரான்சின் தூலோன் துறைமுகத்தில் லிபெர்தே என்ற போர்க்கப்பல் கெட்டுப்போன மருந்தால் வெடித்துச் சிதறியது. ஏறக்குறைய 300 உயிர்கள்.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் மலை ரயில், வெல்லிங்டனைத் தாண்டியதும் அருவங்காட்டில் நிற்கும். 1903இலிருந்து அங்கே கார்டைட் ஆலை ஓடுகிறது, இன்றும் மருந்து செய்கிறது. தமிழர்களின் பல தலைமுறை அங்கே வேலை பார்த்திருக்கிறது. அந்த மலைக் குளிரில் செய்த மருந்தாக இருந்தாலும், 32, 33 டிகிரி வெயிலும் ஓயாத ஈரப்பதமும் உள்ள கிள்ளானில் அதற்கு ஆயுள் கணக்கு வேறு. வெயிலில் நிறுத்திய காருக்குள் 50 டிகிரியைத் தாண்டும். அதனால் நல்ல மருந்தில் வாசலினைவிடத் திறமையான நிலைநிறுத்திகள் இன்று உண்டு. டைஃபீனைலமீன் அவற்றில் ஒன்று. அவை நைட்ரஜன் ஆக்சைடை உடனுக்குடன் விழுங்கித் தாங்கள் தீர்ந்துபோகின்றன. தீர்ந்த பிறகு காவல் இல்லை.

*

ரிவால்வருக்கென்றே ஒரு தனிச் சங்கடம். ஆறு அறைகளில் ஒன்று வெடிக்கும்போது, மற்ற ஐந்தும் பின்னுதையில் குலுங்குகின்றன. துப்பாக்கி பின்னால் துள்ள, கூடு அதோடு போக, கனமான குண்டு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கும். பேருந்து சட்டென்று கிளம்பினால் நாம் பின்னால் சாய்கிறோமே, அதுபோல. குண்டு கூட்டிலிருந்து மெல்ல முன்னால் நழுவி உருளைக்கு வெளியே மூக்கை நீட்டினால், உருளை சுழலாமல் சிக்கிக்கொள்ளும், தேவைப்படுகிற அந்த ஒரே கணத்தில். அதைத் தடுக்கத்தான் கூட்டின் வாயை உள்நோக்கி மடித்துக் குண்டின் பள்ளத்தில் கவ்வ வைக்கிறார்கள். காட்டுக்கு என்று கனமான குண்டைத் தேர்ந்த அதே ஆள்தான் இந்தக் கவ்வலில் அதிகக் கவனம் வைக்க வேண்டியவர். குண்டு கனக்கக் கனக்க நழுவும் ஆசையும் கூடுகிறது.

அலாஸ்காவில் 269 கரடிச் சம்பவங்களை ஆராய்ந்து 2012இல் வெளியான ஆய்வு ஒன்று, துப்பாக்கியைப் பயன்படுத்தியவர்களுக்கும் பயன்படுத்தாதவர்களுக்கும் முடிவில் வேறுபாடு காணவில்லை. நம் காட்டிலோ புலி 150க்கும் குறைவு. உலு லங்காட்டுக்கு நான் எடுத்துப் போவது விசில், தண்ணீர், துணைக்கு ஓர் ஆள்.

*

பித்தளைக்கு வருகிறேன், எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு.

தோட்டாக் கூடு 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். நம் குத்துவிளக்கின் உறவுக்காரன். வெடிக்கும்போது அது உப்பி அறையின் சுவரோடு ஒட்டி வாயுவை அடைக்கிறது. அழுத்தம் இறங்கியதும் ஒரு மயிரிழை பின்வாங்கிக் கழன்று வருகிறது. இந்த உப்பலும் பின்வாங்கலும் இருப்பதால்தான் வெறும் கூட்டை மீண்டும் நிரப்ப முடிகிறது. ஆனால் இழுத்து வடித்த பித்தளைக்குள் வெளியே தெரியாத ஓர் இறுக்கம் குடியிருக்கும்.

பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் ஒவ்வொரு மழைக்காலமும் ஒரு வினோதம் நடந்தது. யாரும் தொடாமல் அடுக்கி வைத்த தோட்டாக்களின் கழுத்தில் தானாகவே விரிசல் ஓடியது. பருவம் வந்தால் வரும் நோய் என்பதால் ‘பருவ விரிசல்’ என்றே பெயர் வைத்தார்கள். காரணம் 1921இல் துலங்கியது. தோட்டாக்கள் இருந்தது குதிரை லாயங்களுக்குள். குதிரை மூத்திரத்திலிருந்து அமோனியா கிளம்புகிறது, மழைக்கால ஈரம் அதைப் பித்தளைமேல் படிய வைக்கிறது. உள்ளிறுக்கம் இருக்கும் இடத்தில் அமோனியா உலோகத்தின் படிக மணிகளுக்கு இடையே புகுந்து பிளக்கிறது. ஈரம், அமோனியா, இறுக்கம், மூன்றும் கூடினால் போதும்.

படிக்கும்போதே என் மூக்கில் அந்த வாடை ஏறியது. பால்மரத் தோட்டத்தில் வளர்ந்த யாருக்கும் ஏறும். மங்கில் வடிந்த பால் உறையாமல் இருக்க ஊற்றுவது அமோனியா. வாளிகள் வந்து இறங்கும் ஸ்டோரில் கண்ணெரியும். ஈரத்துக்கோ இங்கே வருடம் முழுக்கப் பஞ்சமில்லை. அப்படிப்பட்ட ஸ்டோரின் ஓரத்து அலமாரியில் ஒரு பெட்டித் தோட்டா இருந்திருந்தால், அதன் கழுத்துக்கு லாயத்தில் நேர்ந்ததேதான் நேர்ந்திருக்கும். வேதியியலுக்குக் குதிரையும் ரப்பரும் ஒன்றுதான்.

பரிகாரம் எளிது. தோட்டாவை உலர்ந்த இடத்தில் வை, கழுத்தை மிதமாகச் சூடுகாட்டி இறுக்கத்தைத் தளர்த்து. சூடுபட்ட பித்தளையில் நீலமும் பழுப்பும் கலந்த ஒரு கறை விழும். ராணுவ ரைபிள் தோட்டாவை அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்கு அப்பால் பார்த்தால், கழுத்திலிருந்து தோள்வரை அந்தக் கறை துடைக்காமல் அப்படியே இருக்கும்.